மெதுவாக ஊற்றிய தண்ணீர்

மூத்தவளே, இளையவளே, கிணற்றடியில் நிற்கும் அந்த நீல பிளாஸ்டிக் பேரலை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கப்பா செஞ்சது" என்று காட்டுகிறீர்கள். நானும் மறுக்காமல் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பெருமை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது மூத்தவள் ஏழாம் வகுப்பு, இளையவள் இரண்டாம் வகுப்பு. அந்தக் கோடையில் கிணறு வற்றி, கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கினோம். தண்ணீர் வந்தது, கூடவே இரும்பும் வந்தது. இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அரை நாள் வாளியில் கிடந்தால் செம்மண் கரைத்தது மாதிரி ஆகிவிடும். சோறு மஞ்சளாக வெந்தது. துவைகல் சிவந்தது. என் பனியன் செங்கல் நிறத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்டது.

நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தேன். அந்த அறைக்குள் ஓர் இரும்பு ஆணிகூட வரக்கூடாது. உரசினால் பொறி பறக்கும். பகல் முழுக்க இரும்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அது எனக்கு முன்னால் வந்து கிணற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது.

உங்கள் தாய்மாமா அச்சாபீசில் இருந்தார், தெரியும்தானே. ஒரு நாள் அவர் வந்த நேரம், குடிதண்ணீர் லாரி வரவில்லை. அம்மா கிணற்றுத் தண்ணீரிலேயே டீ போட்டாள். கறுப்பாக இறங்கியது. பால் ஊற்றியதும் சாம்பல் நிறமானது. மாமா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான், பிரஸ்ல மை தட்டுப்பாடுன்னு அலையிதோம், ஒங்க கெணத்துல இம்புட்டு ஊறுது. ரெண்டு கேன் குடுத்து விடுங்க, காலண்டர் ஆர்டர் கெடக்கு."

"குடிச்சிட்டுப் பேசுலே."

"குடிக்கதுக்கா குடுத்தீக? நான் எழுதுறதுக்குன்னுல்ல நெனச்சேன்."

இளையவள் அந்த டீயில் விரலை முக்கித் தரையில் 'அ' போட்டுப் பார்த்தாள். எழுதியது.

எல்லோரும் சிரித்தோம். மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. சுதந்திர தின அணிவகுப்பில் முன்னால் கொடி பிடித்து நடக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விளையாட்டு டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: சட்டை வெள்ளையாக இருக்க வேண்டும். வகுப்பில் ஏற்கெனவே அவளுக்குக் 'காப்பிச் சட்டை' என்று பேர் விழுந்திருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் சட்டை வெளுக்காவிட்டால் கொடி வேறொரு பிள்ளை கைக்குப் போய்விடும்.

அம்மா பிளீச்சிங் பவுடரில் ஊறப் போட்டாள். இருந்த கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்தது. எலுமிச்சையும் கல் உப்பும் போட்டுத் தேய்த்தாள், கறை போய்விட்டது. அதைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப் போட்டோம். காய்ந்ததும் துணிக்கொடியில் பழையபடி காப்பி தொங்கியது. கறையை எடுக்க வழி இருந்தது, அலசத்தான் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வீட்டுக்கு இரண்டு குடம். அது குடிக்கவே காணாது.

"ஒண்ணும் கவலப்படாத தாயி. தண்ணியச் சலிக்க ஒங்கப்பனுக்குத் தெரியாதா? மருந்தையே சலிக்கிறவன்" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

பேரல் வாங்கினேன். அடியில் ஜல்லி, மேலே ஆற்று மணல், அதற்கு மேல் அடுப்புக் கரி, மறுபடியும் மணல். மணலை மருந்து சலிக்கிற மாதிரியே மூன்று தடவை சலித்து, ஏழு தண்ணீரில் கழுவினேன். பேரலுக்கு வெள்ளைத் துணி கட்டி மூடி போட்டேன். கிணற்றில் இறைத்த கையோடு மூடியைக் கொஞ்சம் விலக்கி, பேரலின் உள்பக்கத்தை ஒட்டி, சொட்டுச் சத்தம் இல்லாமல் ஊற்றினேன். உடனே மூடிவிட்டேன். எங்கள் மருந்து அறையில் அப்படித்தான். உயரத்திலிருந்து எதையும் கொட்டக்கூடாது. இழுக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, திறந்து போடக்கூடாது. பதினைந்து வருசப் பழக்கம் அது.

அடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பளபளவென்று வந்தது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் பார்த்தால் வாளியில் செம்மண். துணியை இரண்டாக மடித்துக் கட்டினேன். மறுநாளும் செம்மண். இன்னும் மெதுவாக ஊற்றினேன்.

"ஏங்க, பேரலுக்கு வலிச்சிரும்னு ஊத்துறீகளா?" என்று அம்மா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கிணற்றடியில் அருவி விளையாடினீர்கள். மூத்தவள் துவைகல் மேல் ஏறி நின்றாள். இளையவள் அரிசி களையும் ஓட்டைப் பாத்திரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து வாளி வாளியாகக் கொட்டியதும், அது ஆயிரம் நூலாகப் பிரிந்து கீழே அண்டாவில் சளசளவென்று விழுந்தது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன்.

"ஏ புள்ள, மெதுவா. ஏன் இப்படிப் போட்டு அடிக்கீக?"

"தண்ணிதானப்பா" என்றாள் இளையவள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் அண்டாவை மூடாமல் ஓடிவிட்டீர்கள். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் அப்போதே கலங்கத் தொடங்கியிருந்தது. கெட்டது என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அண்டாவின் அடியில் விரல் கனத்துக்குச் சிவப்பு வண்டல் படிந்திருந்தது, மேலே தெளிந்த தண்ணீர். அம்மா அதைக் கலங்காமல் மொண்டு பேரலில் ஊற்றி, குழாயில் ஒரு வாளி பிடித்தாள். சாயங்காலம் நான் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதும் அது தெளிவாகவே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது, மணலுக்கும் அகப்படாது. காற்றுப் பட்டால்தான் அது துருவாகத் திரளும். திரண்டதைத்தான் மணல் பிடிக்கும். நானோ காற்றே படாமல் பொத்திப் பொத்தி உள்ளே அனுப்பி, இரும்பை அலுங்காமல் மறுபக்கம் கொண்டு சேர்த்திருக்கிறேன்.

மாமாவை வரச் சொல்லி அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தோம். டீ நிறத்திலேயே இருந்தது.

"போச்சு மச்சான். நல்ல மை ஏஜென்சி, கெடுத்துட்டீக" என்றார்.

அந்த வாரம் பழைய வாளியின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அது மட்டும்தான் என் வேலை. ஊற்றியது நீங்கள் இருவரும் அம்மாவும். எனக்கும் ஒரு தடவை தந்தீர்கள். துவைகல் மேல் நின்று வாளியைத் தூக்கினேன். கை தானாகவே இடுப்பு வரை இறங்கி, ஓரமாகச் சாய்த்தது.

"உள்ள மருந்து இல்லீங்க, தண்ணி. நல்லா வீசி ஊத்துங்க" என்று அம்மா சிரித்தாள். நீங்கள் இருவரும் என்னை மாதிரி நடித்துக் காட்டினீர்கள், வாளியைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு.

மறுபடியும் எலுமிச்சை தேய்த்து, பேரல் தண்ணீரில் அலசிய சட்டை காய்ந்தது, வெள்ளையாகவே காய்ந்தது. அம்மா அதை மூன்று தடவை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். பதினைந்தாம் தேதி மூத்தவள் கொடியோடு முன்னால் நடந்தாள். நான் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நான் கொடியைப் பார்க்கவே இல்லை, காலரையும் கைமடிப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மிட்டாய்க்கு வரிசையில் நின்றீர்கள். அம்மா டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளி இறைத்தேன். தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். துவைகல் மேல் ஏறி, வாளியைத் தலைக்கு மேல் தூக்கினேன். முதல் தடவை கை பாதியில் இறங்கி, பழையபடி ஓரமாகவே ஊற்றிவிட்டது. இறங்கிப் போய் மறுபடியும் நிறைத்து வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மொத்தத்தையும் அண்டாவில் கொட்டினேன். சுவரெல்லாம் தெறித்தது. இன்னொரு வாளி இறைக்கப் போனேன்.