பெயின்ட் ஒட்டாத பிளாஸ்டிக்

அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து எங்கள் ஃபேக்டரியில் வெர்னா ஹோர்ன்யாக்கிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம். இருபத்திரண்டு வருடமாக நாலாம் நம்பர் உருக்கும் மெஷின் அவள் கையில். பக்கத்து மெஷின் என்னுடையது, அதனால் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பாலிபுரொப்பிலீன் திமிர் பிடித்த பிளாஸ்டிக். பெயின்ட், பசை எதையும் கிட்டே சேர்க்காது. உருகும்போதே கொஞ்சம் அமிலப் பொடியும், அதைத் தூண்டிவிடத் துளி பெராக்சைடும் சேர்த்தால், அமிலம் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கொக்கி மாதிரித் தொற்றிக்கொள்ளும். பெயின்ட் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். கார் பம்பர் செய்பவர்களுக்கு நாங்கள் அனுப்புவது இதைத்தான்.

அந்த ஏப்ரலில் பெயின்ட் உரிந்து உரிந்து வந்தது. வெள்ளிக்கிழமை பம்பர் கம்பெனி சோதனை. தேறாவிட்டால் நாலாம் மெஷினை மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். மெஷின் போனால் வெர்னாவும் வீட்டுக்குத்தான்.

டாக்டர் பட்டம் வாங்கி வந்த புது வேதியியலாளன் டோபின் அமிலத்தைக் கூட்டச் சொன்னான். லேப் கணக்கில் ஒட்டிய அமிலத்தின் அளவு ஏறியது. பெயின்ட் இன்னும் சுலபமாக உரிந்தது.

வெர்னா தன் மெஷினில் வந்த பிளாஸ்டிக் மணி மூட்டை ஒன்றைப் பிரித்தாள்.

"டாக்டர், இப்படி வாங்க. கண்ணு எரியுதா?"

"எரியுது."

"ஒட்டியிருந்தா ஏன் எரியுது? பாதி அமிலம் சும்மா ஊர் சுத்துது, மேல வந்து பெயின்ட்டைத் தள்ளி விடுது. உங்க லேப் அதையும் சேத்து எண்ணிட்டு குஷியா இருக்கு."

டோபின் முகம் சிவந்தது. "சரி, என்ன செய்யலாம்?" என்று கேட்டான். கேட்டானே, அங்கேயே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

அமிலத்தைக் குறைத்தாள். ஒட்டாத அமில ஆவியை வெளியே இழுக்கும் குழாயைக் கழற்றினால் உள்ளே கரி அப்பிக் கிடந்தது. மூவரும் சுரண்டினோம். டோபினின் வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

வெள்ளிக்கிழமை, பம்பர் கம்பெனியின் கோரின் வந்தாள். பெயின்ட் அடித்த தகட்டில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுத்தாள். டேப்பில் ஒரு பொட்டு பெயின்ட் இல்லை. இன்னும் ஐந்து தகடு இழுத்தாள்.

"நல்லா இருக்கு. யாரோட பக்குவம்?"

எல்லோரும் டோபினைப் பார்த்தோம்.

"நான் கூட்டச் சொன்னேன். அவங்க குறைச்சாங்க" என்று வெர்னாவைக் காட்டினான்.

எல்லோரும் வெர்னா பக்கம் திரும்பினோம். அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம் என்ன எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு? போய் நாலாம் மெஷினைப் போடுங்க."

நான் ஓடினேன்.