காற்று திரும்பும் பக்கம்

காலனி மதிலை ஒட்டிக் கிடந்த காலி மைதானத்தில்தான் தனக்கு வீடு வரும் என்று நாகம்மா நம்பியிருந்தாள். ராமச்சந்திராபுரத்தில், பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கட்டிக்கொண்ட காலனி அது. மைதானம் அரசு நிலம். ஏழைகளுக்கு அங்கே அடுக்குமாடி வரப்போகிறது என்று ஊரே பேசியது. நாகம்மாவும் பெயர் கொடுத்திருந்தாள்.

அவள் பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அதே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்த பூபாலனைக் கட்டிக்கொண்டு இந்தத் தெலுங்கு நகரத்தின் மேற்கு ஓரத்துக்கு வந்தாள். அவன் இறந்தபின் காலனிக்குப் பின்னாலிருந்த வாடகை அறையில் மகள் ராஜியோடு இருந்துகொண்டு, ஜெகநாதன் வீட்டில் சமையல் செய்தாள். பூபாலன் வேலையிடத்தில் மயங்கி விழுந்த அன்று தன் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் ஜெகநாதன். காலனி சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

மைதானத்தில் குடியிருப்பு வேண்டாம் என்று முதலில் மனு எழுதியவரும் அவரே. டிராஃபிக் கூடும், தண்ணீர் போதாது, திருட்டு பெருகும் என்று கூட்டத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நாகம்மா அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஜெகநாதன் சமையற்கட்டுப் பக்கம் வந்தார். “உனக்கு வீடு வராம போகாதும்மா. இங்கதான்னு இல்ல. கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான்.”

“எவ்ளோ தள்ளி சார்?”

“பட்டான்செரு பக்கம் நிறைய இடம் இருக்கு.”

அவர் சொன்னபடியே ஆனது. பட்டான்செருவில் கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பின்னால், ஏரி வற்றிய பள்ளத்தில் கட்டடங்கள் எழும்பின. குலுக்கலில் நாகம்மாவின் பெயர் வந்தது. நான்காவது மாடி. சாவியை வாங்கிய அன்று கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக வெளியே போ என்று யாரும் சொல்லமுடியாத ஒரு கதவு.

குடியேறிய முதல் வாரத்தில் ராஜியின் வெள்ளிக் கொலுசு கறுத்தது. பிறகு பூஜைப் பித்தளை விளக்கு. ராஜி புளி போட்டுத் தேய்த்தாள், மறுபடி கறுத்தது. கீழே மளிகைக்கடை வைத்திருந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். குழாய்த் தண்ணீரைத் தன் எருமைக்குக்கூட அவர் காட்டுவதில்லை என்பதை நாகம்மா தற்செயலாகத்தான் கவனித்தாள். காரணம் கேட்டதற்குத் தெலுங்கில், “பழகிடும்மா,” என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயும்போது கம்பெனிகள் இருந்த திசையிலிருந்து காற்று திரும்பும். அழுகிய முட்டையும் சுட்ட ரப்பரும் கலந்த நாற்றம் பள்ளத்தில் இறங்கி அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். பனிக்காலம் வந்ததும் நாற்றம் காலைவரை போகவில்லை.

நாகம்மாவுக்கு இருமல் பிடித்தது. இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வேலைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஒருநாள் ஜெகநாதனின் மனைவி திரிபுரசுந்தரி சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள்.

“நாகம்மா, தப்பா எடுத்துக்காத. பேரப்பிள்ளை வந்திருக்கான். இந்த இருமல் தீர்றவரைக்கும் நீ வீட்லயே இரேன்.”

நாகம்மா கரண்டியைக் கழுவி வைத்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜெகநாதன் முன்னால் போய் நின்றாள். அவரிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

“சார், ஒருதரம் என் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. சாயங்காலமா வாங்க.”

அவர் வந்தார். மறுக்க முடியாமல்தான் வந்திருப்பார். காரை விட்டு இறங்கியதுமே கைக்குட்டை மூக்குக்குப் போனது. படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எப்பவும் இப்படித்தானா?”

“இன்னைக்குக் கம்மி சார்.”

டீ ஆறுவதற்குள் கம்பெனிச் சங்கு ஊதியது. ஷிப்டு சங்கு போல ஊதி ஓயவில்லை. விட்டு விட்டு அலறியது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சளாய் ஒரு மூட்டம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. ஜெகநாதன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ராஜி கதவை மறித்துக்கொண்டாள். “நக்கோ அங்கிள், போகாதீங்க! ரோடு ஒண்ணுதான் இருக்கு. அது கம்பெனி கேட் முன்னாடிதான் போகுது.”

“கீழ கார்ல ஏறிட்டா...”

“கீழதான் சார் மூட்டம் நிக்குது,” என்றாள் நாகம்மா. வாளித் தண்ணீரில் புடவைகளை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தாள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை முகத்தில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேல் வீட்டில் ஒரு குழந்தை இருமி இருமி அழுதது. பிறகு அழுகை நின்றது. நின்றபின் மூவரும் கூரையையே பார்த்திருந்தார்கள். மறுபடி அது இருமியபோது ஜெகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கு ஓய்ந்து போலீஸ் வழி விட்டதும் இறங்கிப் போனார். யாரும் சாகவில்லை. சிறு கசிவு, கட்டுக்குள் வந்துவிட்டது என்று மறுநாள் செய்தி சொன்னது. மேல் வீட்டுக் குழந்தையின் மூச்சில் மட்டும் விசில் போல ஒரு சத்தம் தங்கிவிட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஜெகநாதன் எழுந்து, மைதானம் இன்னும் சும்மாதானே கிடக்கிறது, பள்ளத்தில் குடியிருப்பவர்களை அங்கேயே கொண்டுவரக் கேட்கலாம் என்றாராம். அவருடைய மனுவையே ஒருவர் எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாராம். தலைவர் பதவியை விட்டுவிட்டார். அதற்குமேல் அவரால் ஒன்றும் ஆகவில்லை. மைதானத்தில் இப்போது நடைபாதை போட்டு வேலி கட்டியிருக்கிறார்கள்.

ராஜி வேறெங்காவது வாடகைக்குப் போய்விடலாம் என்று தினமும் சொல்கிறாள். இருமல் தீராமல் வேலையும் போனபின் எதைக்கொண்டு போவது என்று நாகம்மாவுக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் பள்ளத்தின் மறுபக்கத்தில், கம்பெனிச் சுவருக்கு இன்னும் நெருக்கமாக, புதிய கட்டடங்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு மதியம் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாலாநகரில் லேத் பட்டறையில் வேலை என்றான் அவன். அவள் ஒவ்வொரு குழியாக விரலை நீட்டி, எது தங்களுடையதாக இருக்கும் என்று கேட்டுச் சிரித்தாள். நாகம்மாவைப் பார்த்ததும் கேட்டாள்:

“இங்க எப்பிடிக்கா, நல்லாருக்கா?”

வானத்தில் மேகமே இல்லை. காற்று அசையவில்லை.

“உடனே போவாதீங்க,” என்றாள் நாகம்மா. “மேல வந்து உக்காருங்க. பொழுது சாயட்டும். அப்புறம் நீங்களே பாத்துக்கிட்டுப் போங்க.”

அவன் பஸ் போய்விடும் என்றான். நாகம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு படியேறத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் அவர்களும் பின்னால் வந்தார்கள்.