அக்கா சோதித்துப் பார்க்காத விளையாட்டு

என் சின்னக்காவைத் தொழிற்சாலையில் எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அங்கே அவள் பூதக்கண்ணாடி. ஆயத்த ஆடை தைக்கும் அந்த இடத்தில் வந்து இறங்கும் துணிச்சுருள்களைச் சோதிப்பது அவள் வேலை. அடியில் விளக்கெரியும் சாய்வான கண்ணாடி மேசையின்மேல் துணி மெல்ல ஊர்ந்து போகும். அக்கா எதிரே நின்று, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் பார்த்துக்கொண்டே வருவாள். நூல் அறுந்திருந்தாலும் சாயம் திட்டாக விழுந்திருந்தாலும், விரல் நுனியில் தயாராக வைத்திருக்கும் சிவப்பு அம்பு வடிவ ஒட்டுத்தாள் அந்த இடத்தில் போய் உட்காரும். குறை இங்கே என்று அதற்குப் பொருள். வெட்டுமேசைக்காரர்கள் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு மற்றதை வெட்டுவார்கள்.

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. என் திருமணப் படங்களுள் ஒன்றில் எல்லோரும் ஒளிப்படக்கருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் என் காலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “ரெண்டு தையல் விட்டிருக்கான்டா, எவன்கிட்ட தச்சே?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அத்தான் இதற்கு நேர்மாறானவர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அடுக்கு அடுக்காக ஏறி இறங்கும் மனிதர்களோடு அடுக்கு அடுக்காகப் பேச்சும் சேர்ந்துவிட்டது. எந்த மாடியில் யாருக்கு மூட்டுவலி, எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. “இவரு பேச்சை நிறுத்த ஒரு பட்டன் வச்சிருந்தா கடவுளுக்குப் புண்ணியமாப் போகும்” என்று அக்கா சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசுவார்.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் உயிர் தப்பினார். கால் ஓரளவு தேறியது. வலக்கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு குழறியது, ஆனால் போகவில்லை. முதல் சில வாரங்கள் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசத்தான் செய்தார். பிறகு பழைய சக பணியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். செய்தி எதுவும் தெரியாதவர். அத்தான் ஆசையோடு ஏதோ சொல்லத் தொடங்கியதும் மறுமுனையிலிருந்து, “என்னய்யா இது, காலங்காத்தால ஏத்திட்டியா?” என்று ஒரு சிரிப்பு வந்தது. அத்தான் தொலைபேசியை அக்காவிடம் நீட்டினார். அன்றோடு வாயை மூடிக்கொண்டவர்தான். தலையாட்டுவார், கை காட்டுவார், அவ்வளவே.

பேச்சுப் பயிற்சி அளிக்க வந்த பெண்மணி ஒளிக்காமல் சொன்னார். “வாய் நல்லாத்தான் தேறிட்டு வருதும்மா. பேசணும்னு அவருக்கே தோணணும். இப்படியே விட்டுட்டா, வர வேண்டிய பேச்சும் வராமப் போயிடும்.” அக்காவின் அச்சம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் தங்கிவிட்டது.

கணினி விளையாட்டு என்ற யோசனை, வேறோர் ஊரில் வேலை பார்க்கும் அவர்கள் மகளுடையது. சண்டை போடுவதோ கார் ஓட்டுவதோ அன்று. படத்தில் தெரியும் அறையில் சுட்டியை நகர்த்தி, கிடக்கும் பொருளைச் சொடுக்கி எடுத்து, வேறோர் இடத்தில் பொருத்தி, பூட்டியதைத் திறந்து, கதையை முன்னே நகர்த்திப் போகும் வகை. ஒரு கை போதும், அதுவும் இடக்கையாக இருக்கலாம். தன் பழைய மடிக்கணினியில் ஒன்றை ஏற்றி அனுப்பிவைத்தாள்.

எல்லோரும் புகழ்ந்த விளையாட்டு என்று அவள் தேர்ந்தெடுத்தது தவறாகிவிட்டது. இருண்ட தாழ்வாரத்தில் ஒருவன் துரத்திக்கொண்டு வருவான். அதற்குள் கதவைத் திறக்க வேண்டும். அத்தானின் இடக்கை சுட்டியைக் கதவருகே கொண்டுபோவதற்குள் அவன் வந்து பிடித்துவிடுவான். மீண்டும் முதலிலிருந்து. மூன்றாம் முறை பிடிபட்டதும் அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்து மகள் அதற்கு நேரெதிரான ஒன்றை அனுப்பினாள். சிறுவர்களுக்கானது. எதைச் சொடுக்கினாலும் ஒரு மஞ்சள் வாத்து இறக்கையைத் தட்டிப் பாராட்டியது. வாளியை எடுத்ததற்குப் பாராட்டு, வாளியைக் கீழே வைத்ததற்கும் பாராட்டு. அத்தான் அக்காவை ஒருமுறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வாத்தின் முகம் மறையும்படி திரையின்மேல் போர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

“பச்சைப் புள்ளைக்கு வாங்கற மாதிரி வாங்கிட்டியேடி,” என்று அக்கா தொலைபேசியில் மகளைக் கடிந்துகொண்டாள்.

“ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு போட்டிருந்துச்சும்மா.”

“ஆரம்பிக்கிறவங்கன்னா அறிவில்லாதவங்களா? இனிமே நீ வாங்க வேண்டாம். எப்படிப் பார்க்கணும்னு மட்டும் சொல்லு, நானே பார்த்துக்கிறேன்.”

அதுவரை சுட்டியைத் தொட்டறியாதவள் என் அக்கா. முதல் நாள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறி எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று மகளிடம் புகார் செய்தாள். ஆனால் ஒரு பொருளில் எது தேறும், எது தேறாது என்று பிரிப்பது அவளுக்குப் புதிதன்று. சில நாள்களிலேயே மகளை மிரட்டும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கடிகாரம் ஓடக் கூடாது. யோசிக்கிறவனை விரட்டினால் அது விளையாட்டாகாது. கதைநாயகன் சாகக் கூடாது, தப்பான இடத்தில் சொடுக்கினாலும் நட்டமில்லாமல் இருக்க வேண்டும். பையில் ஒரே நேரத்தில் நாலைந்து பொருளுக்குமேல் சேரக் கூடாது. சேர்ந்தால் எதை எதனோடு பொருத்துவதென்று மனம் கலங்கும். போய்வரும் அறைகள் சிலவே இருக்கட்டும். எங்கெங்கே சொடுக்கலாம் என்று ஒரு விசையை அழுத்தினால் புள்ளி புள்ளியாகக் காட்ட வேண்டும். குறிப்புக் கேட்டால் விடையை முகத்தில் வீசாமல் முதலில் ஜாடையாகவும் பிறகு தெளிவாகவும் சொல்ல வேண்டும். விட்ட இடத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு குறைவாக இருக்க வேண்டும். திரையில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தால் பேசாதவர் மனம் என்ன பாடுபடும் என்பது அவள் கணக்கு.

அப்படித் தேறியது ஒரு கடிகாரக் கடைக்காரரின் வீட்டுக்குள் நடக்கும் கதை. அத்தானும் அதை ஒத்துக்கொண்டார். நாள்தோறும் மாலையில் கொஞ்சம் விளையாடினார். அக்கா அருகே அமர்ந்து காய்ந்த துணிகளை மடித்தபடி, “அந்த அலமாரியைப் பார்த்தீங்களா?” என்பாள். பார்த்தால் அங்கே சாவி இருக்கும். “ஜன்னலோரம் ஏதோ மின்னுதே?” என்பாள். மின்னும். அவர் முகம் தெளியத் தொடங்கியது.

அவள் செய்திருந்த காரியம் மகளுக்கும் எனக்கும் அப்போது தெரியாது. சோதிக்காத துணியை ஒருநாளும் அனுப்பியறியாத என் அக்கா, அந்த விளையாட்டையும் சோதிக்காமல் கணவரிடம் கொடுக்கவில்லை. நாள்தோறும் தொழிற்சாலைப் பேருந்து வருவதற்கு முன் சமையலறை மேடைமேல் மடிக்கணினியை வைத்து, தனக்கென வேறோர் ஆட்டம் தொடங்கி, அன்று அவர் விளையாடப்போகும் பகுதியைத் தானே முதலில் விளையாடிப் பார்த்துவிடுவாள். எங்கே அவர் திணறக்கூடும் என்று பார்த்து, மறந்துவிடாமலிருக்கத் திரையின்மேலேயே சிவப்பு அம்பு ஒட்டுவாள். மாலைக்குள் உரித்துவிடுவாள். அறை மாறினால் அம்பு மட்டும் அதே இடத்தில் நின்று, பூட்டைக் காட்டியது சுவரைக் காட்டும் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒரு நாள் உரிக்க மறந்துவிட்டாள்.

அன்று மாலை அத்தான் கணினியைத் திறந்தபோது, படிக்கட்டின் அடியிலிருந்த பூந்தொட்டியைச் சுட்டியபடி ஓர் அம்பு நின்றது. அவர் அங்கே சொடுக்கினார். தொட்டி நகர்ந்தது, கீழே பித்தளைச் சக்கரம் ஒன்று கிடந்தது. அவர் சக்கரத்தை எடுக்கவில்லை. இடக்கைப் பெருவிரல் நகத்தால் அம்பை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். அக்காவின் கையைத் தன் பக்கம் இழுத்து, புறங்கையின்மேல் அதை ஒட்டி, ஒருமுறை அழுத்தினார். கணினியை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டார்.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். எதையும் குடிக்க மறுத்தாள்.

“நான் என்னடா தப்புப் பண்ணேன்? கஷ்டப்பட்டுறக் கூடாதேன்னுதானே பார்த்தேன்?”

அவள் என் தொலைபேசியிலேயே மகளை அழைத்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அம்மா, அப்பா பரீட்சை எழுதிட்டிருக்காரு, நீ விடைத்தாளை மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கே. அவருக்கு எப்படி இருக்கும்?”

“நான் உதவிதானேடி பண்ணேன்.”

“உதவி இல்லம்மா, நடிப்பு. அவரு கண்டுபிடிச்ச ஒவ்வொண்ணும் இப்ப அவருக்குப் பொய்யாயிடுச்சு. நீயும் தெரியாதவளா உக்காரு. ஒண்ணும் தெரியாத ரெண்டு பேரா விளையாடுங்க.”

“தெரியாம எப்படிடி? நடுவுல மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கோங்க.”

அடுத்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்க அக்கா பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். முன்பு சேர்த்த நிபந்தனைகள் அப்படியே இருந்தன. உள்ளே போய்ப் பார்ப்பது மட்டும் கூடாது. இணையக் கடையில் வெளியே காட்டும் நான்கைந்து படங்களையும் விளையாடியவர்கள் எழுதியவற்றையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும். ஒருவர் முடிவைச் சொல்லத் தொடங்கியிருந்தால் கையால் திரையை மறைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு படகுத்துறைக் கதை தேர்வாயிற்று. பயணிகள் தவறவிட்ட பொருள்களை உரியவரிடம் சேர்க்க வேண்டும். சிக்கிக்கொண்டால் கம்பத்தின்மேல் ஒரு காகம் இருக்கிறது, அதைக் கேட்கலாம். வாங்கும் பொத்தானை அழுத்திவிட்டு அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை அக்கா ஒரு விதமாகவும் அத்தான் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். இருவரும் ஒத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

“சத்தியமா எனக்கும் தெரியாதுங்க,” என்று சொல்லி அக்கா சுட்டியைத் தானே எடுத்துக்கொண்டாள். அத்தான் நம்பவில்லை. திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் வழக்கப்படி இடது மூலையில் தொடங்கி வரிசை வரிசையாகச் சொடுக்கிக்கொண்டே வந்தாள். ஆகாயத்தைச் சொடுக்கினாள். தண்ணீரைச் சொடுக்கினாள். படகின் ஜன்னல் கொக்கி எட்டாத உயரத்தில் இருந்தது. அதைத் திறந்தால்தான் கதை மேற்கொண்டு நகரும். பையில் ஒரு லாந்தர் விளக்கும் குடையும் இருந்தன. அவள் விளக்கைக் கரையில் நின்ற ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஆடு வாங்கவில்லை. மீண்டும் கொடுத்தாள். இவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது அத்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பார்வை திரைக்கு வந்தது. அவள் மூன்றாம் முறையாக விளக்கை ஆட்டிடம் கொண்டுபோனாள்.

“அ… ஆட்டை… விடு.”

“ஏன், பசியில இருக்குமோன்னு பார்த்தேன்.”

“விளக்கையா… திங்கும்?”

“அப்ப நீங்க சொல்லுங்க, என்ன பண்றது?”

“கு… குடை. குடையால… இழு.”

“அதெல்லாம் அப்பவே பார்த்தாச்சு, வராது.”

“பார்த்துக்… கிழிச்சே.”

அக்கா முறைத்தபடி குடையை எடுத்துக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். குடையின் கைப்பிடி கழன்று தண்ணீரில் விழுந்தது. கம்பத்திலிருந்த காகம் தலையைத் திருப்பிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தானின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் பேசிவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையை நிமிர்த்தாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “பெரிய மெக்கானிக்கு! அடுத்து எதை உடைக்கலாம்?” என்று கேட்டாள்.

“கா… காக்காவைக் கேளு,” என்றார் அவர்.

அந்தக் கதை முடியப் பல மாலைகள் ஆயின. பேச்சு ஒரே நாளில் திரும்பிவிட்டதாக எழுதினால் அது பொய்யாகும். இன்றும் சில எழுத்துகளில் அவருக்கு நாக்குப் புரள்வதில்லை. களைத்துவிட்டால் வார்த்தை பாதியில் நிற்கும். அக்கா அதை முடித்துக் கொடுக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

சென்ற வாரம், இதை எழுதுவதற்கு வேண்டிய ஒரு விவரம் கேட்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். இப்போதிருக்கும் வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது எந்த ஆண்டு என்பதில் எனக்கு ஐயம் இருந்தது. அடுத்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்க இருவரும் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தார்கள்.

“இது வே… வேணாம். ஒரே இருட்டு.”

“உங்களுக்கு எது வெளிச்சம்? கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க.”

“அதுல… குறிப்புச் சொல்ல… ஆளே இல்ல.”

“இல்லாட்டி என்ன? போன தடவை அந்தக் காக்காவை நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பினது யாரு?”

“நீ… தான்.”

“நானா! டேய் தம்பி, நீ சொல்லுடா நியாயத்தை.”

“அவனுக்கு… என்ன… தெரியும்?” என்றார் அத்தான். வாங்குவது ரயில் நிலையக் கதையையா தீவுக் கதையையா என்று அடுத்த வாக்குவாதம் தொடங்கியது. வந்த காரியத்தைக் கேட்க எனக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. இரண்டுமுறை வாயைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஆண்டை இன்னும் எழுதாமல்தான் விட்டு வைத்திருக்கிறேன்.