மீன் வண்டியில் ஒரு ஜெம்பே

ஜெம்பே வாங்கப் போகிறேன் என்றதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசில மேளமோ?" இரண்டாவது, "என்ன மரம்?" மேற்கு ஆப்பிரிக்க மேளம், வெறுங்கையால் அடிப்பது, சனிக்கிழமைகளில் வகுப்பு என்று நான் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. மரம் என்றால்தான் இவருக்குக் காது திறக்கும்.

எனக்கு ஒரே நிபந்தனை: நானே கொண்டுபோய் வரக்கூடியதாக இருக்க வேண்டும். மொன்றியலுக்கு வந்த நாள்முதல் கோவில், கடை, கலியாண வீடு எல்லாவற்றுக்கும் இவர்தான் காரில் ஏற்றி இறக்குகிறார். அலுத்துவிட்டது. இந்த ஒன்றுக்காவது தனியாகப் போய்வர ஆசைப்பட்டேன்.

கடைக்காரர் கினி நாட்டவர். இரண்டு ஜெம்பேகளை முன்னால் வைத்தார். மெலினா மரத்தில் செய்தது இலேசு. லெங்கே மரத்தில் செய்தது நல்ல கனம். கூட வந்த என் கணவரோ, வீட்டுக் கதவுக்கு மரம் எடுக்க வந்தவர்போல லெங்கேயைத் தட்டினார், கவிழ்த்து உள்ளே கடைந்த தடத்தைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். கடைக்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

"இஞ்சேரும், இது வைரம் பாய்ஞ்ச மரம். இதை எடும்."

"என்னால தூக்கேலாது."

"நான் காவிக்கொண்டு வாறன்."

அதுதானே வேண்டாம் என்கிறேன். வீம்புக்கு மெலினாவைக் கால்களுக்கிடையில் சாய்த்து அடித்தேன். நல்ல சத்தம்தான். பிறகு சும்மா ஒப்பிட்டுப் பார்க்க லெங்கேயின் நடுவில் ஓர் அடி, விளிம்பில் ஓர் அடி. நெஞ்சுக்குள் போய் இறங்கிவிட்டது. இவர் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

லெங்கேயையே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், மீன் வாங்கப் போகும்போது இழுத்துப்போகும் சில்லு வண்டியில் அதை இறக்கிப் பார்த்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"மீன் மணக்கிற வண்டிலுக்கையோ?" இவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வாத்தியம் எல்லோ."

"மேல இருக்கிறது ஆட்டுத்தோல். அது கோவிக்காது," என்றேன்.

சனிக்கிழமை காலை வண்டியைக் காணவில்லை. பின் பல்கனியில் மஞ்சள் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்திருந்தார். சில்லுகளுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"போயிட்டு வாறன்," என்றேன்.

வெளிப்படிகளில், ஜெம்பே ஏற்றிய வண்டியை ஒவ்வொரு படியாக இறக்கினேன். கீழே வந்து நிமிர்ந்து பார்த்தால், இவர் மேலே வாசலில் நிற்கிறார். ஓடிவந்து பிடித்துவிடாமல் இருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.