கிழிந்த பட்டுக்குப் பித்தளைச் சொம்பு

போன வருஷம் வீட்டு வாசலில் பாத்திரக்காரர் ஒருவர், என் இற்றுப்போன கல்யாணப் பட்டுக்குப் பித்தளைச் சொம்பு தருவதாகச் சொன்னார். காசில்லாமல் சொம்பு கிடைக்கிறதே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் மனிதர் கிழிசலைப் பார்க்கவே இல்லை. சரிகைக் கரையையே தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆண்களிடம் பேசக் கூசுபவள் நான். கதவு மறைவில் நின்று, “நாளைக்கு வாப்பா” என்றேன்.

“நாளைக்கு வாலாஜாபாத் போறேம்மா. வேணும்னா ரெண்டு சொம்பா வச்சுக்க.”

ஒன்று இரண்டானதும் சந்தேகம் உறுதியாகி, புடவையைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு நெசவுக்காரப் பெண் கேட்டுச் சிரித்தாள். “நல்ல காலம் பெரிம்மா. கரையைக் கொளுத்துனா வெள்ளி நிக்கும். அதுக்குத்தான் அவன் சுத்திக்கினு இருக்கான்.”

அப்படியே கொளுத்தினோம். தட்டான் அந்த வெள்ளிக்கு நாலு சொம்பு விலை கொடுத்தார்.

இப்போதெல்லாம் பழம்பட்டில் கரையை அறுத்து எடுத்துவிட்டு வெறுந்துணியைத்தான் காட்டுகிறேன். எந்தப் பாத்திரக்காரரும் கூடையை இறக்குவதில்லை.