சிசிலி வீட்டில் யாரும் குளிப்பதில்லை

போன மாதம் ஒரு நாள் காலை. காப்பி குடித்துவிட்டு வாசலுக்கு வந்தால், சானிட்டரி இன்ஸ்பெக்டர் நிற்கிறார். ஒரு கையில் பிளீச்சிங் பவுடர் டின். இன்னொரு கையில் முழு கார்பாலிக் சோப்பு. காலரா வந்த ஊருக்குள் நுழைகிற முகம்.

"சார், மிக்கேல் வீடு எது?"

"பின் தெரு. ஏன், யாருக்கு என்ன?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வீட்ல யாருமே குளிக்கிறதில்லையாம் சார். மேலிடத்து உத்தரவு, விசாரிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிக்கேலையா? கடலுக்குள் முங்கிச் சங்கு எடுப்பவர் அவர். இந்தத் தூத்துக்குடியிலேயே அதிக நேரம் தண்ணீரில் கிடக்கிற மனிதர்!

விஷயம் இதுதான். தேசம் முழுவதற்கும் பள்ளிக்கூடங்களில் ஒரே தரம், ஒரே பாடம், ஒரே பரீட்சை... அதில் நம் மாகாணமும் சேரலாமா என்று ஒரு கமிட்டி யோசிக்கிறதல்லவா? நான்கூட இதே பக்கத்தில் "சேரத்தான் வேண்டும்!" என்று மேஜையைத் தட்டி எழுதினேன். பத்துப் பேர் பாராட்டினீர்கள். ஒருவர் திட்டினார். அந்தக் கமிட்டி, எட்டாம் வகுப்புக்கு ஒரு வெள்ளோட்டம் விட்டது. மாகாணம் முழுக்க ஒரே கேள்வித்தாள். பாரபட்சம் வரக்கூடாது என்று, எங்கள் ஊர் விடைத்தாள்களை மாகாணத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார்கள். கடலைப் படத்தில் மட்டும் பார்த்த ஊர் அது.

எல்லாம் சரி. பொதுக் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. பொதுப் புத்தகம்தான் வரவில்லை! இன்னும் ரயிலில் வந்துகொண்டிருக்கிறது என்று கேள்வி.

மிக்கேலின் மகள் சிசிலி அந்தப் பரீட்சையை எழுதினாள். சுகாதாரத் தாளில் ஒரு கேள்வி: 'குளித்தலின் விதிமுறைகள் யாவை?'

எங்கள் கடற்கரைக்காரர்களிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது? இங்கே 'குளிப்பது' என்றால் தொழில். கடலில் முங்கிச் சங்கும் முத்தும் எடுப்பது. உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்கிறது — மேல் கழுவுவது.

சிசிலியின் விடையை இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தெருவிலேயே நின்று வாசித்தார்.

'குளிப்பது ஆபத்தான காரியம். ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டுமே குளிக்க வேண்டும். சர்க்கார் உத்தரவில்லாமல் குளித்தால் குற்றம். குளிக்கும்போது காலுக்குக் கல்லும், கயிறு பிடிக்க மச்சான் ஒருவரும் அவசியம். சுறா நடமாடினால் அன்றைக்குக் குளிக்கக் கூடாது.'

கீழே சிவப்பு மையில் ஒரு முட்டை. அதன் பக்கத்தில், 'இக்குடும்பத்தை உடனே கவனிக்கவும்.'

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டார். "நீங்க பத்திரிகைக்காரர் சார். விசாரணைல குறுக்கே பேசப்படாது."

பின்னாலேயே போனேன். (நீங்களாக இருந்தால் போகாமல் இருப்பீர்களா?)

மிக்கேல் முற்றத்தில் உட்கார்ந்து வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்கய்யா" என்றார். இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. எதன் மேலும் படக்கூடாது என்று நடு முற்றத்தில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"நீங்க எப்பப்போ குளிக்கிறீங்க?"

"கடல் ஒத்துவந்தா குளிப்போம் ஐயா. கச்சான் காத்து வீசுனா தண்ணி கலங்கிரும். மாசக்கணக்குல குளிக்க மாட்டோம்."

இன்ஸ்பெக்டர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"வீட்ல பெண்கள்?"

"பொம்பளையளா?" மிக்கேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள்ல பொம்பளையள் குளிக்கதே கிடையாதுல்லா! எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்தே வழக்கம் இல்ல."

"பெண்டாட்டி கேட்டால்கூட விட மாட்டீரா?"

"எப்படிங்கய்யா விட? மூச்சு முட்டிச் செத்துப் போவாளே."

"பிள்ளைகள்?"

"ஆம்பளப் பிள்ளையள மீசை முளைக்கும் முன்ன குளிக்க விடமாட்டோம். காது அடைச்சுரும், பாத்துக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் சோப்பை நீட்டினார். அவருக்கு நெல் வயல் பக்கத்து ஊர். மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகிறது, பாவம். அந்த நேரம் பார்த்து, தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மிக்கேலின் மனைவி லூர்தம்மா கொல்லைப் பக்கமிருந்து வந்தார்.

"ஆரு வந்திருக்கா? மேலு கழுவிட்டு நின்னேன், சத்தம் கேட்டுது."

"மேலு...?"

"கழுவிட்டு. தெனமும் ரெண்டு வாட்டி கழுவாட்டா உப்பு அரிக்கும்லா."

இன்ஸ்பெக்டர் லூர்தம்மாவைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தேன்.

சிசிலி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நம் ஜில்லா நாசரேத்தில் ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, படித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு பாடத்தில் முட்டை வாங்கினாலும் மேல் வகுப்பு கிடையாது, பொது விதி. அதற்கு மேல், அவள் குளிக்காத பெண் என்கிற செய்தி, அவளுக்கு முன்னாலேயே நாசரேத் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

"நான் தெனமும் மேலு கழுவுதேன்னு சொல்லுங்க மாமா" என்று என்னிடம் விம்மினாள். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தேசத்துக்கே ஒரே தரம் வேண்டும் என்று நான் தட்டிய மேஜை, இந்தப் பெண் தலையிலா விழ வேண்டும்?

இன்ஸ்பெக்டர் நல்லவர். 'மிகத் தூய்மையான குடும்பம்' என்று அன்றே எழுதி அனுப்பினார். மேலிடம் மசியவில்லை. மார்க்கைத் திருத்த விதியில் இடமில்லையாம். மறுபரீட்சை வேண்டுமானால் எழுதலாம். அதைத் திருத்தப் போவதும் அதே ஊர், அதே வாத்தியார்!

நான் வரிந்துகட்டிக்கொண்டு சிசிலிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஒரே பாடம்தான். "இங்க பாரு தாயி, அந்த வாத்தியாருக்கு நம்ம பேச்சு பிடிபடாது. 'குளி'ங்கற வார்த்தையே உன் பேப்பர்ல இருக்கப்படாது. எந்த இடத்துல வந்தாலும் 'மேல் கழுவு'ன்னே எழுது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா" என்று தலையாட்டினாள். மிக்கேலும் தலையாட்டினார்.

மறுபரீட்சையில் கேள்வியை மாற்றிவிட்டார்கள்! 'உன் தந்தையின் தொழில் என்ன? அதில் சுகாதாரம் எவ்வாறு பேணப்படுகிறது?'

பரீட்சை முடிந்து வந்து, எழுதியதை வரி விடாமல் எனக்கு ஒப்பித்தாள் பாருங்கள்... எனக்கு நாற்காலி கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'என் தந்தையின் தொழில் சங்கு மேல் கழுவுதல். கல்லைக் கட்டி, மூச்சடக்கி, கடலின் அடி வரை போய் மேல் கழுவுவார். காலை முதல் மாலை வரை மேல் கழுவுவார். எங்கள் பாட்டனாரும் மேல் கழுவியே பேரெடுத்தவர். என் தந்தையைப் போல ஆழமாக மேல் கழுவுகிறவர் இந்தக் கரையில் இல்லை.'

"ஒரு இடத்துலகூட அந்த வார்த்தைய எழுதல மாமா" என்றாள், பெருமையாக.

"நல்லா எழுதியிருக்கே தாயி" என்றேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நாசரேத் கனவில் மண்ணைப் போட்டதே நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. சங்கைக் கழுவுகிறவர் என்றால் அந்த வாத்தியார் என்ன நினைப்பார்? இந்தத் தடவை பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருமோ?

இந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

சுகாதாரத்தில் சிசிலிக்கு நூற்றுக்கு நூறு. அதே சிவப்பு மையில், 'தாமும் கழுவி, சங்கையும் கழுவி, கடலின் அடி வரை தூய்மை பேணும் உத்தமக் குடும்பம்!' அடுத்த வாரம் நாசரேத்துக்குப் புறப்படுகிறாள். லூர்தம்மா தெரு முழுக்கப் பனங்கற்கண்டு கொடுத்தார். இன்ஸ்பெக்டரின் சோப்பும் பெட்டியில் போகிறது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. சிசிலியின் பதிலை மாதிரி விடையாகப் பொதுப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் சேர்க்கப் போகிறார்களாம். அதாவது... அந்தப் புத்தகம் வந்து சேரும்போது, மாகாணத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆழமாக மேல் கழுவுவது எப்படி என்று நெட்டுருப் போடும்!

"அண்ணாச்சி, அப்ப எங்க அப்பா பேரும் புஸ்தகத்துல வருமா?" என்று மிக்கேல் கேட்கிறார்.

சரி, நம் மாகாணம் அந்தப் பொதுத் தரத்தில் சேரலாமா, கூடாதா? சேரலாம் என்றுதான் இன்னமும் சொல்வேன் — ஆனால், விடை திருத்துகிறவர்கள் முதலில் இங்கே வந்து ஒரு தடவை குளித்துவிட்டுப் போகட்டும். கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்!