சம்பந்தி வீட்டு நாய்க்குட்டியின் பற்கள்

கால்நடை மருத்துவர் கோகிலா மாரடைப்பால் காலமானார் என்று தொலைபேசி வந்தபோது நான் ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார். பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திவந்த கிளினிக் அது. இனி நான் மட்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அவருக்குப் பேசத் தெரியாது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இருக்கும். சொல்வது சுருக்கென்று தைக்கும். நாய்க்குட்டி விற்பவர்கள் அவரைக் கண்டால் நழுவிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் வயதைக் கேட்டுக்கொண்டே குட்டியின் உதட்டைத் தூக்கிப் பற்களைப் பார்த்துவிடுவார்.

பல வருடங்களுக்கு முன், காரமடையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கூண்டில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். பெரிய ஜாதி நாய். சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். முந்தின நாள் தன் சின்ன மகளின் கையைக் கடித்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். நாலு மாதக் குட்டி, ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லித்தான் சம்பந்தி கொடுத்தாராம். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த இடம்.

குட்டியின் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. வெறிநோயாக இருக்குமோ என்று சந்தேகித்தேன். தடித்த கையுறையோடு நான் கழுத்தைப் பிடிக்க, கோகிலா உதட்டைத் தூக்கினார். அது அவருடைய கையுறையைக் கவ்வியது. பார்த்து முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

“ஏனுங்க, நாலு மாசம்னா முன்பல்லு உழுந்து புதுசு மொளைக்கோணும். இதுக்கு எல்லாமே பால்பல்லுங்க, அதுங்கூட முழுசா மொளைக்கலை. ரெண்டு மாசங்கூட ஆவலை. இந்த வயசுல அந்த ஊசியே போடமாட்டாங்க.”

பட்டறைக்காரர் முகம் சிவந்துவிட்டது. “எங்க சம்பந்தி பொய் சொல்லிப்போட்டாருங்கறீங்களா?”

“யாரு சொன்னதோ தெரியாதுங்க. கோவத்த நாளைக்கு வெச்சுக்கலாம். புள்ளைய இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

சம்பந்தியை நம்பாமல் சின்னவளுக்கு ஊசி போட்டதாகத் தெரிந்தால் மூத்தவள் வாழ்க்கை என்னாவது என்று அவர் கத்தினார். கோகிலா அவர் மனைவியிடமே தொலைபேசியில் பேசினார். அந்த அம்மாள் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகளோடு ஆட்டோ ஏறிவிட்டார்.

குட்டியை எங்களிடமே தனியாக வைத்துக்கொண்டோம். பின்கால்கள் இழுத்துக்கொண்டன, தண்ணீர் இறங்கவில்லை, செத்துப்போனது. பரிசோதனைக்கு அனுப்பினோம், ரேபிஸ் என்றே வந்தது. சிறுமிக்கு ஊசிகள் முன்பே தொடங்கியிருந்ததால் பிழைத்தாள்.

நீங்கள் சொன்னது சரியாகிவிட்டதே என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு கோகிலா என்னை முறைத்தார். “பல்லுல எனக்குச் சந்தேகமே இல்லைங்க. ஆனா இந்த ஒருவாட்டி நான் தப்பா இருக்கோணும்னுதான் சாமி கும்புட்டேன்.”

பட்டறைக்காரர் வெட்கத்தில் அதன்பின் எங்கள் பக்கமே வரவில்லை. நேற்று கோகிலாவின் வீட்டு வாசலில் மாலையோடு நின்றார். பக்கத்தில் ஓர் இளம்பெண், கையில் பழைய கடித் தழும்போடு. டாக்டர் தன்னை ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா என்று அவள் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நன்றாக உயர்ந்து வளர்ந்திருக்கிறாள் டாக்டர். கல்லூரியில் படிக்கிறாளாம். நீங்கள் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.